நம் வீட்டு உறவுகளை வம்சாவளி மென்பொருளில் பதிவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் குடும்ப மரம் போட்டுக் கொடுக்கத் தொடங்கிச் சில வருடங்கள் ஆகின்றன. உட்கார்ந்ததும் எல்லோரும் கணினியைப் பற்றித்தான் கேட்பார்கள். அரை மணி நேரம் போனதும் கேள்வி மாறும், குரலும் தாழும். "சித்தப்பா கூட ஒருத்தங்க இருந்தாங்களே, அவங்களை எங்க போடுறது?" "இந்தப் பையன் அவங்க பெத்தது இல்ல, அதை எழுதலாமா?" இப்படித் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். நான் பயன்படுத்துவது கிராம்ப்ஸ் என்ற இலவச மென்பொருள். ஆனால் பதில்களில் பெரும்பாலானவை எந்த மென்பொருளுக்கும் பொருந்தும்.

நோட்டுல எழுதி வச்சா போதாதா? மென்பொருள் எதுக்கு?

நோட்டு போதும், ஒரே கிளையாக இருக்கும் வரை. ஒரே ஆள் இரண்டு இடத்தில் வரும்போது நோட்டு திணறும். மென்பொருளில் ஒருவரை ஒரு முறை பதிந்தால் போதும். அவரைப் பெற்றவர்கள், வளர்த்தவர்கள், துணை, பிள்ளைகள் என்று எத்தனை உறவை வேண்டுமானாலும் அந்தப் பதிவோடு இணைத்துக்கொண்டே போகலாம். நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள். அதுதான் ஆதாரம், பக்கம் பக்கமாகப் படமெடுத்து வையுங்கள்.

கெட்காம், கெட்காம்னு சொல்றாங்களே, அது எனக்குத் தெரியணுமா?

கொஞ்சம் தெரிந்தால் பிற்பாடு வரும் பாதிச் சிக்கல் புரிந்துவிடும். ஒரு மென்பொருளில் போட்ட மரத்தை இன்னொன்றுக்குக் கொண்டுபோக உதவும் பொதுவான கோப்பு வடிவம் அது. அமெரிக்காவின் மார்மன் திருச்சபை 1984-ல் அதை உருவாக்கியது. 1999-ல் வரைவாக வந்த 5.5.1 பதிப்பைத்தான் இன்றும் பெரும்பாலான மென்பொருள்கள் பேசுகின்றன. 2021-ல் 7.0 வந்தது.

இந்த வடிவத்தில் குடும்பம் என்றால் ஒரு கணவன் கட்டம், ஒரு மனைவி கட்டம், கீழே பிள்ளைகள். பிள்ளையிலிருந்து மேலே போகும் அந்த ஒரே கோடு நான்கு விஷயங்களைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறது: யாருடைய உயிரணு, யார் வயிற்றில் சுமந்தார், சட்டப்படி யார் பிள்ளை, யார் வளர்த்தார். பல வீடுகளில் இந்த நான்கும் ஒரே பெற்றோரிடம் இருப்பதால் யாரும் கவனிப்பதில்லை. எங்கே பிரிகிறதோ அங்கே நான்கையும் தனித்தனியாக எழுத வேண்டும். இனி இதை நான் "நாலு கோடு" என்று மட்டும் சொல்வேன்.

எங்க வீட்ல யாருக்கும் குடும்பப் பேரே கிடையாது. சாஃப்ட்வேர் சர்நேம் கேட்டு நிக்குது. அப்பா பேரைப் போட்டுடவா?

போடலாம், ஆனால் அது என்ன வகைப் பெயர் என்பதையும் சேர்த்துப் பதியுங்கள். கிராம்ப்ஸில் அந்தப் பெயர் எப்படி வந்தது என்று குறிக்க ஒரு பட்டியல் இருக்கிறது: தந்தை வழி, தாய் வழி, ஊர், தொழில் என்று. "தந்தை பெயர்" என்று குறித்துவிட்டால் நாளை பார்ப்பவர் அதைப் பரம்பரைப் பெயர் என்று நினைக்க மாட்டார். இனிஷியலோடு சான்றிதழில் இருக்கும் வடிவத்தை மாற்றுப் பெயராக வையுங்கள். திருமணத்துக்குப் பிறகு கணவர் பெயரின் முதலெழுத்துக்கு மாறிய பெண்களுக்கு அதை "திருமணப் பெயர்" என்று தனியாகச் சேருங்கள். மேலே இருப்பது பிறந்த பெயராகவே இருக்கட்டும்.

அம்மா பெயரின் முதலெழுத்தை இனிஷியலாக வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குத் "தாய் வழி" என்ற வகை இருக்கிறது. புதிதாக ஒரு பிள்ளையைச் சேர்த்ததும் அப்பாவின் பெயரைத் தானாக நிரப்பும் வசதியை அமைப்புகளில் அணைத்துவிடுங்கள். நம் வீட்டு மரங்களில் அது தப்பாகத்தான் நிரப்பும்.

எங்க தாத்தாவுக்கு ரெண்டு தாரம், ஒரே சமயத்துல. ரெண்டு பேரையும் எப்படிப் போடுறது? சட்டப்படி செல்லுமா?

தாத்தாவை ஒரு முறை பதிந்து, அவரோடு இரண்டு குடும்பப் பதிவுகளை இணையுங்கள். மூத்தகுடியாள் பிள்ளைகள் ஒன்றில், இளையகுடியாள் பிள்ளைகள் இன்னொன்றில். தேதி தெரியாவிட்டாலும் எது முதல், எது அடுத்தது என்ற வரிசை இருக்கட்டும். இரண்டு திருமணக் காலமும் ஒன்றின் மேல் ஒன்று விழுகிறது என்று சில மென்பொருள்கள் எச்சரிக்கும். அதைப் பொருட்படுத்த வேண்டாம். சென்னை மாகாணத்தில் இந்துக்களுக்கு இருதார மணம் தடையானது 1949-ல்தான். அதற்கு முன் நடந்தது என்றால் இரண்டும் செல்லுபடியான திருமணமே. 1955-ல் இந்துத் திருமணச் சட்டம் வந்த பின்னர் நடந்திருந்தாலும், அதன் 16-ம் பிரிவு பிள்ளைகளைச் சட்டப்படியான பிள்ளைகளாகவே நடத்துகிறது. மரத்தில் அவர்களைக் கீழே தள்ளி எழுத ஒரு காரணமும் இல்லை.

இரண்டாவதாக வந்தவரின் பெயரைத் தேடாமல் விட்டுவிடாதீர்கள். ஒரு வீட்டின் பழைய கணக்கு நோட்டில் தாத்தாவின் பெயருக்கு எதிரே "இ.தா., பிள்ளை 3" என்று மட்டும் இருந்தது. இளைய தாரம், அவ்வளவுதான். கேட்ட யாருக்கும் பெயர் ஞாபகம் இல்லை. கடைசியில் பேரன் காதுகுத்தின் மொய் நோட்டில் கிடைத்தது. பெண் பெயர், ஊர், ஐந்து ரூபாய். தன் பெயரிலேயே தனியாக மொய் எழுதியிருந்தார் அந்த அம்மா. அந்தப் பக்கத்தைத்தான் அவருடைய பதிவுக்கு ஆதாரமாக இணைத்திருக்கிறேன்.

சேர்ந்து வாழ்ந்தாங்க, தாலி கட்டல. ஐயர் வராத கல்யாணம் வேற ஒண்ணு இருக்கு. ரெண்டையும் 'கல்யாணம் ஆகல'ன்னு போட்டுடலாமா?

இரண்டும் வேறு வேறு. சுயமரியாதைத் திருமணத்தை ஒரு காலத்தில் நீதிமன்றம் ஏற்கவில்லை. 1967-ல் இயற்றப்பட்ட தமிழ்நாட்டுத் திருத்தம், அதற்கு முன் நடந்தவற்றையும் சேர்த்துச் செல்லும் என்றது. ஆகவே 1940-களில் மாலை மாற்றிக்கொண்டவர்களுக்கு அந்த நாளையே திருமண நாளாகப் பதியுங்கள். குறிப்பில் "சுயமரியாதைத் திருமணம்" என்று எழுதுங்கள், அந்தக் குடும்பம் எடுத்த முடிவு அதில் தெரியும்.

சடங்கோ பதிவோ இல்லாமல் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்குக் குடும்பப் பதிவு உண்டு, திருமண நிகழ்வு கிடையாது. கிராம்ப்ஸில் உறவு வகையை "மணமாகாதவர்" என்று வைக்கலாம், அல்லது "துணை" என்று நீங்களே ஒரு வகை எழுதிக்கொள்ளலாம். நான் இரண்டாவதைத்தான் செய்வேன். முப்பது வருடம் ஒரே வீட்டில் இருந்த இருவரை "ஆகாதவர்" என்ற சொல்லால் குறிக்க மனம் வருவதில்லை. கெட்காம் 7.0-ல் "இந்த நிகழ்வு நடக்கவில்லை" என்றே பதியவும் இடம் உண்டு. திருமணம் பற்றித் தெரியாது என்பதும், நடக்கவே இல்லை என்பதும் வேறு என்று அந்த வடிவமே ஒப்புக்கொண்டதில் எனக்கு நிறைவு.

பெரியம்மா பிள்ளைன்னு சொல்றாங்க. ஆனா பெத்தது சித்தி. யாருக்குக் கீழ போடுறது?

இருவருக்கும் கீழே. எங்கள் வீட்டிலேயே இது உண்டு. பெரியம்மாவுக்குப் பிள்ளை இல்லை. சித்தி தன் மூன்றாவது மகனை, தாய்ப்பால் மறந்ததும், அக்கா மடியில் கொடுத்துவிட்டார். அந்த அண்ணனின் பள்ளிச் சான்றிதழில் வளர்த்த அப்பாவின் இனிஷியல், பழைய குடும்ப அட்டையில் பெற்ற அப்பாவின் இனிஷியல். அவர் திருமண அழைப்பிதழில் இரண்டு தம்பதிகளின் பெயரும் ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சாகியிருந்தன. நான் மரம் போடும்போது அந்த அழைப்பிதழைப் பார்த்துத்தான் போட்டேன்.

மென்பொருளில் ஒருவரை இரண்டு குடும்பங்களில் பிள்ளையாகச் சேர்க்கலாம். ஒவ்வொரு குடும்பத்திலும் அம்மாவோடு என்ன உறவு, அப்பாவோடு என்ன உறவு என்று தனித்தனியாகக் குறிக்க வேண்டும்: பிறப்பு, தத்து, வளர்ப்பு, மாற்றாந்தாய் வழி என்று. எந்தக் குடும்பம் முதலில் தெரிய வேண்டும் என்பதை உயிரோடு இருக்கும் ஆளிடமே கேளுங்கள். எங்கள் அண்ணன் பெரியம்மாவைச் சொன்னார். சித்தியும் அதைத்தான் சொன்னார்.

சுவீகாரம் முறையாக நடந்திருந்தால் "தத்து" என்று தேதியோடு எழுதுங்கள். பத்திரம் ஏதும் இல்லாமல் வளர்த்ததற்கு "வளர்ப்பு" என்பதே சரி. 1956-ம் ஆண்டின் இந்து தத்தெடுப்புச் சட்டம், தத்து எடுத்த நாளிலிருந்து பிள்ளையைப் புது வீட்டுப் பிள்ளையாகக் கருதுகிறது. ஆனால் பிறந்த வீட்டில் யாரை மணக்கக் கூடாதோ அந்தத் தடை அப்படியே தொடரும் என்றும் சொல்கிறது. பெற்ற கோட்டை அழித்துவிட்டால் இதைப் பார்க்கவே வழி இருக்காது.

அப்பா யாருன்னு பதிவே இல்ல. 'தெரியாது'ன்னு ஒரு ஆளை உருவாக்கணுமா?

வேண்டாம். "தெரியாதவர்" என்று ஒரு ஆளைப் போட்டால் மென்பொருள் அவரையும் ஒரு மனிதராக எண்ணும், தேடலில் காட்டும், பிற்பாடு வேறு எவரோடாவது இணைக்கவும் பார்க்கும். அம்மா மட்டும் உள்ள குடும்பப் பதிவே போதும். மணமாகாத தாய் தன் பிள்ளையின் தந்தை பெயரைச் சொல்லாமலேயே பிறப்புச் சான்றிதழ் பெறலாம் என்று உச்ச நீதிமன்றம் 2015-ல் தீர்ப்பளித்திருக்கிறது. அரசாங்கப் படிவமே கேட்காததை நம் மரம் கேட்க வேண்டியதில்லை.

ஒரு நுணுக்கம் மட்டும். அந்த இடம் காலியாக இருக்க மூன்று காரணங்கள் இருக்கலாம்: நமக்குத் தெரியவில்லை, தெரிந்தும் அம்மா சொல்ல விரும்பவில்லை, அப்படி ஒருவர் அந்தப் பிள்ளையின் வாழ்க்கையில் இல்லவே இல்லை. எது என்று குறிப்பில் ஒரு வரி எழுதி, வெளியே போகாதபடி பூட்டி வையுங்கள். அடுத்த தலைமுறைக்காரர் வீணாகத் தோண்டாமல் இருக்க அது உதவும்.

அக்கா மகளைக் கட்டினவரைப் போட்டதும் மரமே சிக்கலாயிடுச்சு. நான் தப்பாப் போட்டுட்டேனா?

இல்லை, சரியாகத்தான் போட்டிருக்கிறீர்கள். வெளிநாட்டில் எழுதப்பட்ட மென்பொருளுக்கு நம் ஊரின் மிகப் பழைய வழக்கமே புதுமையான குடும்பமாகத் தெரிகிறது. முன்னோருக்கு எண் கொடுக்கும் முறை ஒன்று உண்டு, 1590-லேயே ஐரோப்பாவில் அச்சில் வந்தது. உங்களுக்கு 1, அப்பாவுக்கு 2, அம்மாவுக்கு 3. எவருக்கும் அவருடைய எண்ணின் இருமடங்கு அப்பா, அதோடு ஒன்று கூட்டினால் அம்மா. தாய்மாமன் அக்கா மகளை மணந்து பிறந்த பிள்ளைக்கு இதைப் போட்டுப் பாருங்கள். அப்பாவைப் பெற்ற தாத்தா 4. அம்மாவைப் பெற்ற பாட்டி 7, அவர் அப்பாவின் அக்கா. ஆகவே அவருடைய அப்பா 14. நாலாம் எண்ணும் பதினாலாம் எண்ணும் ஒரே தாத்தா. அந்தப் பிள்ளை அவருக்குப் பேரனும்தான், கொள்ளுப்பேரனும்தான்.

நல்ல மென்பொருள் இதை ஒரே ஆளாகவே வைத்துக்கொண்டு இரண்டு கோடுகளும் அவரிடம் போய்ச் சேருவதாகக் காட்டும். வரைபடத்துக்காக அவரை இரண்டு பேராகப் பிரித்துப் பதிய வேண்டாம். பிரித்தால் ஒரு பதிவில் இறந்த தேதியைத் திருத்துவீர்கள், மற்றதில் அவர் உயிரோடே இருப்பார்.

கருமுட்டை தானம் வாங்கிப் பிறந்த குழந்தை. தானம் கொடுத்தவங்களையும் எழுதணுமா? வாடகைத்தாய் இருந்தா?

நாலு கோட்டை இங்கே எடுத்துக்கொள்ளுங்கள். உயிரணு ஒருவருடையது. சுமந்தவர் அம்மாவாக இருக்கலாம், வேறொருவராகவும் இருக்கலாம். சட்டமும் வளர்ப்பும் பெற்றோரிடம். 2021-ல் வந்த இரண்டு சட்டங்கள், செயற்கைக் கருத்தரிப்புக்கு ஒன்று, வாடகைத்தாய்க்கு ஒன்று, இந்தப் பிள்ளைகளைக் குழந்தை வேண்டிச் சிகிச்சைக்கு வந்தவர்களின் சொந்தப் பிள்ளைகளாகவே கருதுகின்றன. தானம் கொடுத்தவருக்குப் பெற்றோர் உரிமை எதுவும் கிடையாது. ஆகவே மரத்தில் அம்மா அம்மாதான், அப்பா அப்பாதான். அவர்களுக்குக் கீழே பிள்ளையை "தத்து" என்று போடக் கூடாது. அது உண்மை அல்ல.

தானம் பற்றிய தகவலைப் பிள்ளையின் பதிவில் தனிப்பட்ட குறிப்பாக வையுங்கள். நோய் வரலாறு கேட்கும் மருத்துவருக்கு அது தேவைப்படலாம். தானம் கொடுத்தவரைத் தனி ஆளாகப் பதிய வேண்டாம், பெரும்பாலும் பெயரே தெரியாது. பிரிட்டனில் இருக்கும் உறவினர்களுக்கு நிலைமை வேறு: 2005 ஏப்ரல் முதல் அங்கே தானம் கொடுப்பவர்கள் அடையாளத்தை நிரந்தரமாக மறைக்க முடியாது, பிள்ளை 18 வயதில் கேட்டுப் பெறலாம். நாளைக்கு அந்தப் பெயர் வந்தால் வைக்க இடம் வேண்டும். உறவினர் ஒருவரே வாடகைத்தாயாக இருந்திருந்தால் நான் அவரைப் பிள்ளையின் பதிவோடு "சுமந்தவர்" என்று தொடர்பாக இணைப்பேன், அவர் சம்மதித்தால் மட்டும்.

என் தங்கச்சியும் அவ துணையும் சேர்ந்து ஒரு குழந்தையை வளர்க்கிறாங்க. கணவன் கட்டத்துல யாரைப் போடுறது?

யாரை வேண்டுமானாலும். கெட்காம் 7.0-ல் அந்த இரண்டு கட்டங்களின் பெயர் பழக்கத்துக்காக மட்டுமே நிற்கிறது, அது ஆண்-பெண்ணைக் குறிக்காது என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். முதல் துணை, இரண்டாம் துணை, அவ்வளவுதான். கிராம்ப்ஸில் இரண்டு பெண்களைச் சேர்க்கத் தடை இல்லை. ஃபேமிலிசர்ச் இணைய மரத்தில் ஒரே பாலினத் தம்பதிகளைப் பதியும் வசதி 2019 டிசம்பரில் வந்தது.

உறவு வகையில் கவனம் வேண்டும். தன்பாலினத் திருமணத்துக்கு இங்கே சட்ட அங்கீகாரம் தர உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர் 17-ல் மறுத்துவிட்டது. தம்பதியாகச் சேர்ந்து தத்தெடுக்கவும் வழி இல்லை. ஆகவே தத்து ஆணை ஒருவர் பெயரில் மட்டும் இருக்கும். அவருக்கும் குழந்தைக்கும் "தத்து", மற்றவருக்கும் குழந்தைக்கும் "வளர்ப்பு" என்று குறித்தால் பதிவு பொய் சொல்லாது, யாரையும் விட்டும்விடாது. அவர்கள் வேறு நாட்டில் முறைப்படி மணந்திருந்தால், கனடாவில் 2005 முதல் முடியும், அந்தத் திருமணத்தை நாடும் தேதியும் சேர்த்துத் திருமணமாகவே பதியுங்கள். அச்சிடும்போது "கணவன்" என்ற தலைப்பை மாற்ற மறக்காதீர்கள். தன் பெயருக்கு மேல் அந்தச் சொல்லைப் பார்க்கும் பெண்ணுக்கு அது வலிக்கும்.

மாமா பிள்ளை இப்ப திருநங்கை. பழைய பேரை என்ன செய்யுறது? ஆண்னு இருக்கிறதை மாத்தணுமா?

அவரைக் கேளுங்கள். அவர் இன்று வைத்திருக்கும் பெயர் முதல் பெயராக வரட்டும், பாலினம் அவர் சொல்வதாக இருக்கட்டும். தன் பாலினத்தைத் தானே தீர்மானிக்கும் உரிமை ஒருவருக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15-ல் சொல்லிவிட்டது. பழைய பெயர் பள்ளிச் சான்றிதழ் போன்ற பழைய ஆவணத்தோடு பொருத்திப் பார்க்க மட்டும் தேவைப்படலாம். அப்படியானால் மாற்றுப் பெயராகப் போட்டுத் தனிப்பட்டது என்று பூட்டுங்கள். அதுவும் வேண்டாம் என்று அவர் சொன்னால் எடுத்துவிடுங்கள். மரத்துக்கு அதனால் ஒரு குறையும் வராது.

ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை என்பவருக்குக் கெட்காம் 7.0-ல் தனிக் குறியீடு உண்டு. அதைத் "தெரியவில்லை" என்ற குறியீட்டோடு குழப்ப வேண்டாம். இவர் யார் என்பது அவருக்குத் தெளிவாகத் தெரியும். திருமணம் நடந்திருந்தால் தயங்காமல் திருமணமாகப் பதியுங்கள். இந்துத் திருமணச் சட்டத்தில் மணமகள் என்ற சொல் திருநங்கையையும் உள்ளடக்கும் என்று தூத்துக்குடித் தம்பதி ஒருவரின் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்தது.

அவங்களுக்கு ஜமாத்ல ஒரு அம்மா இருக்காங்க. அந்த அம்மாவும் நம்ம மரத்துல வரலாமா?

வரலாம், வர வேண்டும் என்பது என் கருத்து. ஜமாத் என்று இங்கே சொல்வது திருநங்கைகளின் சமூகத்தை. மூத்த திருநங்கை ஒருவர் இளையவரை மகளாக ஏற்பது அவர்களுக்குள் இருக்கும் வழக்கம். அந்த அம்மாவுக்கும் ஒரு அம்மா உண்டு, அவரை நானி என்பார்கள். பெற்ற வீடு கதவைச் சாத்திய நாளில் சோறு போட்ட கோடு அது. ஒரே ஒரு தாய் உள்ள குடும்பப் பதிவு ஒன்றைப் போட்டு, பிள்ளை உறவில் "ஜமாத் மகள்" என்று நீங்களே வகை எழுதுங்கள். வெறும் "தொடர்பு" என்று போட்டால் வரைபடத்தில் கோடே வராது, நானி வரைக்கும் போய்ச் சேரவும் முடியாது. தத்து என்று எழுதினால் சட்டப்படியான தத்தோடு குழம்பும்.

2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழி அல்ல என்று சொல்லி, தாமே தேர்ந்துகொண்ட குடும்பம் என்ற கருத்தை ஏற்றது. மென்பொருள்களில் அதற்கென்று ஒரு வகை இன்னும் நான் பார்த்த வரை இல்லை.

ஒரு பிள்ளைக்கு மூணு, நாலு அம்மா அப்பா இருந்தா?

ஒரு குடும்பப் பதிவில் இரண்டு பேருக்குத்தான் இடம். பிள்ளையை இரண்டு குடும்பங்களில் சேருங்கள், பெரியம்மா-சித்தி பதிலில் சொன்ன அதே வழி. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 2017 முதல், கருத்தரிப்பதற்கு முன்பே ஒப்பந்தம் எழுதிக்கொண்டால் நான்கு பேர் வரை சட்டப்படி பெற்றோராகலாம். நம் சொந்தங்கள் ஏராளமாக வாழும் மாகாணம் அது. ஒரு நாள் நம் மரத்திலும் வரும்.

டி.என்.ஏ. சோதனையில யாரோ அரைச் சகோதரர்னு வந்திருக்கு. உடனே சேர்த்துடவா?

பொறுங்கள். அரைச் சகோதரரோடு, அதாவது அப்பாவோ அம்மாவோ ஒருவர் மட்டும் பொதுவாக உள்ளவரோடு, டி.என்.ஏ. சுமார் 25 சதவீதம் ஒத்துப்போகும். அதே அளவு தாத்தா-பேரனுக்கும், தாய்மாமன்-மருமகனுக்கும் ஒத்துப்போகும். சோதனை ஒரு அளவைச் சொல்லும், உறவின் பெயரை அது யூகிக்கிறது. உறவுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பங்களில் அந்த அளவு இன்னும் கூடுதலாகக் காட்டும்.

உண்மையாகவே இருந்தாலும், அது ஒரு கோடு மட்டுமே. வளர்த்த அப்பாவின் கோட்டை எடுத்துவிட்டு அங்கே இவரை வைக்கக் கூடாது, பக்கத்தில் சேர்க்க வேண்டும். கெட்காம் 7.0-ல் பெற்றோர் இணைப்பு நிரூபணமானது, கேள்விக்குரியது, தவறென்று தெரிந்தது என்று குறிக்க இடம் உண்டு. சம்பந்தப்பட்டவர்களோடு பேசும் முன் எதையும் இணையத்தில் ஏற்ற வேண்டாம்.

தத்துப் பிள்ளைன்னு அந்தப் பொண்ணுக்கே தெரியாது. உண்மையை எழுதாம விடுறது தப்பு இல்லையா?

அந்தப் பெண் தன் பிறப்பைப் பற்றி முதன்முதலாக ஒரு மரத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வதுதான் தப்பு. சொல்ல வேண்டியவர்கள் அவளுடைய பெற்றோர். சொல்லுங்கள் என்று அவர்களிடம் நீங்கள் பேசலாம், நானும் பேசியிருக்கிறேன். அதுவரை உங்கள் கணினியில் பூட்டிய பதிவாக மட்டும் இருக்கட்டும். கிராம்ப்ஸில் ஒவ்வொரு பதிவுக்கும் பூட்டுச் சின்னம் உண்டு. வெளியே அனுப்பும்போது பூட்டியவற்றையும் உயிரோடு இருப்பவர்களின் விவரத்தையும் விலக்கும் தேர்வு இருக்கிறது. அனுப்பிய கோப்பை ஒரு முறை திறந்து நீங்களே தேடிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். குறிப்புப் பெட்டிக்குள் எழுதிய ஒரு வரி நழுவி வெளியே போவதை நான் பார்த்திருக்கிறேன்.

நான் மென்பொருள் எழுதுறவன். நம்ம ஆளுங்களுக்குன்னு ஒண்ணு செஞ்சா எதை மறக்கக் கூடாது?

இதைக் கேட்டவரிடம் ஒரு சாயங்காலம் முழுக்கப் பேசினேன். முதலாவது, உறவையும் ஆளைப் போலவே தனிப் பதிவாக வையுங்கள். ஒவ்வொரு உறவுக்கும் வகை, தொடங்கிய நாள், முடிந்த நாள், ஆதாரம், பூட்டு. நாலு கோட்டில் எதை வேண்டுமானாலும் எத்தனை பேரோடு வேண்டுமானாலும் இணைக்க முடிய வேண்டும். பாலினத்தை வைத்து எந்த உறவையும் தடுக்க வேண்டாம். "அம்மாவின் வயது 9, சரியா?" என்று கேட்பது எழுத்துப் பிழையைப் பிடிக்கும், நல்லது. "இரண்டு துணைகளும் பெண்கள், பிழை" என்று சிவப்பில் காட்டக் கூடாது.

இரண்டாவது, முறை சொல்லும் வசதி. மாமா, சித்தப்பா, பெரியப்பா மூவரையும் "அங்கிள்" என்று மொழிபெயர்க்கும் மென்பொருள் நமக்கு உதவாது. பெரியப்பாவா சித்தப்பாவா என்று சொல்ல அண்ணன்-தம்பி வரிசை வேண்டும். பிறந்த தேதி தெரியாத தலைமுறைக்கு வரிசையை மட்டும் பதிய இடம் கொடுங்கள். கணக்குப் போட்டுச் சொல்லும் முறைக்குப் பக்கத்திலேயே, "நீங்கள் இவரை எப்படிக் கூப்பிடுவீர்கள்?" என்று ஒரு காலிக் கட்டமும் வையுங்கள். அம்மாவின் துணையைச் சில பிள்ளைகள் அம்மா என்பார்கள், சிலர் அத்தை என்பார்கள். எங்கள் அண்ணன் பெற்ற தாயைக் கடைசி வரை சித்தி என்றுதான் கூப்பிட்டார். எந்தக் கணக்கும் இதைக் கண்டுபிடிக்காது.

வேற மென்பொருளுக்கு மாத்தினா இதெல்லாம் அப்படியே வருமா?

முழுதாக வராது. நீங்களே எழுதிய வகைகள், பூட்டுகள், அம்மாவோடு ஒன்றும் அப்பாவோடு ஒன்றுமாகக் குறித்த உறவுகள் ஆகியவை கெட்காம் 5.5.1 கோப்பில் தங்காமல் போகலாம். சில மென்பொருள்கள் இரண்டு பெண்களில் ஒருவரைச் சத்தமில்லாமல் ஆணாக மாற்றிவிடும். மென்பொருளின் சொந்த வடிவத்திலும் ஒரு நகல் எப்போதும் எடுத்து வையுங்கள். மாற்றுவதற்கு முன் நாலைந்து சிக்கலான ஆட்களை மட்டும் கொண்ட சின்னக் கோப்பை அனுப்பித் திரும்ப வாங்கிப் பாருங்கள். மிக முக்கியமான உறவை ஒரு வாக்கியமாகக் குறிப்பிலும் எழுதிவையுங்கள். எந்தக் கட்டம் தொலைந்தாலும் வாக்கியம் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

குலதெய்வக் கோயில் படையலுக்கு எல்லாரும் வர்றாங்க. மரத்தைப் பெருசா அச்சடிச்சு மாட்டணும்ங்கிறாங்க. எதைக் காட்டுறது, எதை விடுறது?

அச்சடிக்கும் மரம் வேறு, நீங்கள் பாதுகாக்கும் பதிவு வேறு. சுவரில் பெயர், ஊர், கோடு போதும். உறவு வகை, தேதி, குறிப்பு எதுவும் வேண்டாம். உயிரோடு இருப்பவர்களில் மேலே சொன்ன எந்த நிலையில் இருப்பவரானாலும் ஒரு வாரம் முன்பே அவருக்குரிய பகுதியைப் படமாக அனுப்பிக் காட்டுங்கள். மாற்றச் சொன்னால் மாற்றுங்கள், காரணம் கேட்க வேண்டாம். சாதி மாறிக் கட்டியதற்காக, ஓடிப்போனதற்காக ஒருவர் பெயரை எடுக்கச் சொல்லி மற்றவர்கள் வந்தால் மட்டும் நான் எடுப்பதில்லை. தன் பெயரை எடுக்கச் சொல்ல அவரவருக்கு மட்டுமே உரிமை.

எங்கள் படையலுக்கு நான் மாட்டிய தாளில் அந்த அண்ணன் பெயருக்கு மேலே இரண்டு கோடுகள் போயின, ஒன்று பெரியம்மாவுக்கு, ஒன்று சித்திக்கு. இரண்டுக்கும் ஒரே மை, ஒரே தடிமன். அவருடைய மகள் தாளுக்கு முன்னால் நின்று இரண்டு கோட்டிலும் விரலை வைத்து மேலே போய்ப் பார்த்தாள். பிறகு இரண்டு அப்பத்தாக்களும் உட்கார்ந்திருந்த திண்ணைக்குப் போய், இருவருக்கும் நடுவில் இடம் பிடித்து உட்கார்ந்துகொண்டாள்.